நான்காவது ஷாக் பற்றிய கேள்விக்கு, முதல் ஷாக்கிலிருந்து ஒரு பதில்

சிங்கப்பூரின் ஈசூன் பக்கம் வசிப்போர் குழுவில் தொண்டு செய்யும் ஒருவர் கேட்டிருந்தார். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், இதயம் நின்றவர்களுக்கு இரண்டு டிஃபிப்ரிலேட்டர் (நெஞ்சுக்கு மின் அதிர்ச்சி தரும் மெஷின்) வைத்து அடுத்தடுத்து ஷாக் கொடுத்தபோது இரண்டு மடங்கு பேர் பிழைத்தார்களாம். அப்படியென்றால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் ஏஇடிக்குப் (யாரும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி டிஃபிப்ரிலேட்டருக்குப்) பக்கத்தில் இன்னொன்று வாங்கி வைக்க நிதி திரட்டலாமா? கூடவே இன்னொரு சந்தேகம்: சிபிஆர் (நெஞ்சை அழுத்தும் முதலுதவி) முதலா, ஷாக் முதலா? வகுப்புக்கு வகுப்பு வேறு மாதிரிச் சொல்கிறார்கள். இவைதான் அவருடைய கேள்விகள்.

ஆய்வு உண்மை, முடிவும் உண்மை. எனக்கு அது பெரிய நம்பிக்கை தந்த ஆய்வுதான். ஆனாலும் இரண்டாவது ஏஇடி வாங்க வேண்டாம் என்பதே என் பதில். மூன்று ஷாக் கொடுத்தும் சரியாகாத இதயத்துக்கு நான்காவதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. அந்தக் கட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்திருப்பார்கள். உங்கள் புளோக்கில் ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, முதல் ஷாக் எத்தனை நிமிடத்தில் கிடைத்தது, அதுவரை நெஞ்சை யாராவது அழுத்தினார்களா என்பதில் முடிவாகிவிடுகிறது. முதலாவதிலிருந்து நான்காவது வரை வரிசையாகச் சொல்கிறேன். நான் முதலுதவி வகுப்பு எடுப்பவன். வகுப்பில் நம் மக்கள் கேட்கும் கேள்விகளையும் நடுநடுவே சேர்த்துக்கொள்கிறேன்.

இதயம் திடீரென்று நிற்கும்போது எல்லாருக்கும் அது அசையாமல் நின்றுவிடுவதில்லை. பலருக்குத் தொடக்கத்தில் கீழறைகள் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும். டாக்டர்கள் விஎஃப் என்று சொல்வது இதைத்தான். தசை துடிக்கிறது, ஆனால் ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே போவதில்லை. ஷாக்கின் வேலை இதயத்தை "கிளப்பி விடுவது" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த நடுக்கத்தை ஒட்டுமொத்தமாக ஒரு கணம் நிறுத்துகிறது. அதன்பின் இதயத்தின் சொந்தத் தாளம் மறுபடி எழுந்துவர வேண்டும். அது எழுந்துவரத் தசையில் கொஞ்சமாவது சக்தி மிச்சம் இருக்க வேண்டும். யாரும் நெஞ்சை அழுத்தாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அழுத்திக்கொண்டிருந்தால் நிமிடத்துக்கு 3, 4 விழுக்காடு மட்டுமே குறைகிறது. சிபிஆர் பெரும்பாலும் இதயத்தை மீட்பதில்லை. ஷாக் வரும்வரை நேரத்தை நீட்டிக் கொடுக்கிறது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதி ஆய்வு காட்டியது. அங்கே மூலைக்கு மூலை கேமரா, எங்கும் காவலாளிகள். காவலாளிகளுக்கு ஏஇடி பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். விழுந்த மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டிக் கிடைத்தவர்களில் 49 விழுக்காடு. அந்தக் காவலாளிகள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. விழுந்ததை உடனே பார்த்தார்கள், மெஷின் அருகில் இருந்தது, எடுத்து வந்தார்கள். அவ்வளவுதான்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சிங்கப்பூரில் மருத்துவமனைக்கு வெளியே ஆண்டுக்கு 3,000-க்கும் அதிகமானோருக்கு இதயம் நிற்கிறது. பத்தில் ஏழு பேருக்கு அது நடப்பது வீட்டில்தான். மருத்துவ அவசர அழைப்புகளில் 80 விழுக்காட்டுக்கு 11 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது ஆம்புலன்ஸ்களை இயக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் இலக்கு. போக்குவரத்தையும் தூரத்தையும் பார்த்தால் அது நல்ல வேகம். ஆனால் ஆம்புலன்ஸ் புளோக்கின் கீழே வந்து நிற்கும் நேரம் வேறு, 14-ஆவது மாடியில் நெஞ்சில் கை படும் நேரம் வேறு. கார் நிறுத்துமிடத்திலிருந்து தூக்குப் படுக்கையோடு, புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வெற்றுத்தளம் வழியாக நடந்து, மின்தூக்கிக்குக் காத்திருந்து, நீளமான தாழ்வாரத்தில் வீட்டு எண்ணைத் தேடி, பூட்டிய கிரில் கதவுக்குச் சாவி தேடும்வரை நின்று... இவ்வளவு நேரமும் நோயாளிக்கு எந்தச் சிகிச்சையும் கிடையாது.

டொரோன்டோ வட்டாரத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், மூன்றாம் மாடிக்குக் கீழே இருந்தவர்களில் 4.2 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். மூன்றாம் மாடியிலும் அதற்கு மேலும் 2.6 விழுக்காடு. 16-ஆம் மாடிக்கு மேல் 0.9. 25-ஆம் மாடிக்கு மேல் ஒருவரும் பிழைக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் அடுக்குமாடியில் வாழ்கிறோம். அந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் புளோக்குகள்தான் கண்முன் வரும்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. நடுங்கும் இதயம் நடுங்கிக்கொண்டே இருக்காது. நிமிடங்கள் போகப்போக நடுக்கம் மெலிந்து கடைசியில் இசிஜி திரையில் நேர்கோடாகிவிடும். நேர்கோட்டுக்கு ஷாக் பயன்படாது. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் வந்து முதன்முதலில் பார்க்கும்போது ஷாக் கொடுக்கக்கூடிய தாளத்தில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான். மற்றவர்களில் ஒரு பகுதியினர் விழுந்தபோது விஎஃப்-இல் இருந்து, காத்திருந்த நேரத்தில் அதைக் கடந்தவர்கள். கனடா ஆய்வில் சேர்க்கப்படுவதற்கே மூன்று ஷாக் வாங்கிய பின்னும் விஎஃப் நீடிக்க வேண்டும். அதாவது அந்த ஆய்வுக்குள் வந்தவர்கள் ஏற்கெனவே ஓரளவு அதிர்ஷ்டசாலிகள். பெரும்பாலோர் யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களே சிபிஆர் செய்திருக்கிறார்கள். நான்காவது ஷாக்குக்கான தகுதியையே பக்கத்தில் இருந்தவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

சரி, வீட்டுக்குள் வருவோம். இதயம் நின்றதும் ஆள் சத்தமில்லாமல் கிடப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் நிமிடத்தில் சிலருக்குக் கைகால் வெட்டி இழுக்கும். நம் வீடுகளில் உடனே "வலிப்பு, வலிப்பு" என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார், இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்ப்பார், வேறொருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்ப்பார். அப்புறம் மூச்சு. குறட்டை போலவோ, மீன் வாயைத் திறந்து மூடுவது போலவோ, நீண்ட இடைவெளி விட்டு ஒரு இழுப்பு வரும். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று குடும்பமே ஆறுதலடையும். அது மூச்சு அல்ல. மூளையின் அடிப்பகுதி கடைசியாக அனுப்பும் அனிச்சைச் செயல். தட்டிக் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். ஆளைச் சோபாவிலிருந்தோ மெத்தையிலிருந்தோ தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் நெஞ்சு இறங்காது, மெத்தைதான் இறங்கும். 995-இல் பேசுபவர் எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்து, கூடவே எண்ணுவார். சிங்கப்பூரில் இந்த ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது. வகுப்புக்கே போகாதவரும் இதை நம்பித் தொடங்கலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சிபிஆர் முதலா, ஷாக் முதலா என்ற குழப்பம் ஆசிரியர்களின் கவனக்குறைவால் வந்ததல்ல. ஆராய்ச்சியே அந்த வழியாகத்தான் போய் வந்தது. 1999-இல் சியாட்டலிலிருந்து வந்த ஆய்வு, ஆம்புலன்ஸ்காரர்கள் ஷாக்குக்கு முன் 90 விநாடி சிபிஆர் செய்யத் தொடங்கிய பிறகு பிழைத்தவர்கள் 24 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்ந்ததாகச் சொன்னது. 2003-இல் ஓஸ்லோ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆம்புலன்ஸ் வர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆன நோயாளிகளில், முதலில் மூன்று நிமிடம் சிபிஆர் பெற்றவர்கள் 22 விழுக்காடு பிழைத்தார்கள், நேராக ஷாக் பெற்றவர்கள் 4 விழுக்காடு. அந்தக் காலத்தில் வகுப்புக்குப் போனவர்களுக்கு "முதலில் சிபிஆர், நேரம் பார்த்து ஷாக்" என்ற பாடம் மனதில் பதிந்திருக்கலாம். பிறகு 2011-இல் வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 10,000 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் சிபிஆர், மற்றதற்கு மூன்று நிமிடம், அதன்பின் தாளத்தைப் பார்ப்பது. நல்ல நிலையில் பிழைத்தவர்கள் இரண்டு பக்கமும் 5.9 விழுக்காடு. துளி வித்தியாசமில்லை.

ஆக, மெஷின் வரும்வரை அழுத்துங்கள், வந்ததும் ஒட்டுங்கள், அது சொன்னதும் ஷாக் கொடுங்கள். வேண்டுமென்றே ஷாக்கைத் தள்ளிப்போடுவதற்கு இன்று காரணம் எதுவும் இல்லை. இரண்டு பேர் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே மற்றவர் ஒட்டலாம். ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால் அவர் அழுத்துவதை நிறுத்திவிட்டுக் கீழே ஓடக் கூடாது. கதவைத் திறந்து போட்டு, தாழ்வாரம் கேட்கும்படி கத்தி ஆள் கூப்பிடுங்கள். நம் புளோக்குகளில் சத்தம் போட்டால் எட்டிப் பார்க்க யாராவது இருப்பார்கள்.

ஏஇடியை எடுக்க ஓடுபவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நான் வகுப்பில் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குவேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் 2015 முதல் ஏஇடி பொருத்தத் தொடங்கினார்கள். மின்தூக்கி முகப்பில் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். இரண்டுக்கு ஒன்று என்றால், உங்கள் புளோக்கிலேயே இருக்கலாம், எதிர்ப்புளோக்கிலும் இருக்கலாம். ஆபத்து நேரத்தில் அதைத் தேடக் கூடாது. இன்றைக்கே ஒருமுறை உங்கள் வீட்டிலிருந்து நடந்து போய்ப் பார்த்துவிட்டு, மின்தூக்கியில் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஓடுபவர் முடிந்தால் இன்னொருவரைக் கீழே மின்தூக்கிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு வர வேண்டும், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக அதைப் பிடித்து வைக்க.

குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியும் 2015-இல் வந்ததுதான். உங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றதாக 995-க்கு அழைப்பு வந்தால், செயலி உங்கள் போனில் ஒலிக்கும், அருகில் ஏஇடி எங்கே இருக்கிறது என்றும் காட்டும். வசிப்போர் குழுவில் இருக்கும் உங்களிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு புளோக்கில் பத்துப் பேர் போனில் இந்தச் செயலி இருந்தால், மேல்மாடியில் தனியாக மனைவியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் பெரியவரிடம் ஏஇடியோடு ஒருவர் போய்ச் சேரும் வாய்ப்பு பல மடங்காகிறது.

மெஷின் வந்துவிட்டது. திறந்ததும் அது பேசும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். புரியாவிட்டாலும் நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் மேல் எங்கே ஒட்ட வேண்டும் என்று படம் இருக்கும். அந்தப் படத்தைச் சரியாகப் பார்ப்பதுதான் என் பார்வையில் மிக முக்கியம், மிக அலட்சியமாகச் செய்யப்படுவதும் அதுதான். ஒரு பட்டை, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே முன்பக்கம் ஓடும் வலது காறை எலும்புக்குக் கீழே, நெஞ்செலும்புக்கு வலப்பக்கம். மற்றது இடது அக்குளுக்குக் கீழே, விலாவின் பக்கவாட்டில். வகுப்பில் பத்துப் பேரில் பாதிப் பேர் இந்த இரண்டாவது பட்டையை நெஞ்சின் முன்பக்கத்தில், இடது மார்புக்கு மேலேயே ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டினால் மின்சாரம் இரண்டு பட்டைக்கும் நடுவே நெஞ்சின் முன்பகுதியிலேயே போய்விடும். இதயத்தின் பெரிய அறையான இடது கீழறை பின்பக்கமும் இடப்பக்கமும் தள்ளி இருக்கிறது. அதன் வழியாக மின்சாரம் போக வேண்டும் என்றால் பட்டை நன்றாகப் பக்கவாட்டில், கையைத் தூக்கினால் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

இங்கே நம் பெண்கள் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மாவோ மாமியாரோ விழுந்து கிடக்கும்போது ரவிக்கையைக் கிழிக்கக் கை கூசுகிறது. பக்கத்து வீட்டு ஆண் என்றால் இன்னும் தயங்குவார். பொது இடங்களில் பெண்களுக்கு ஏஇடி போடுவது ஆண்களைவிடக் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெஷினோடு பெரும்பாலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். ரவிக்கையையும் உள்ளாடையையும் நடுவில் வெட்டுங்கள், பட்டை வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின் சேலைத் தலைப்பை மேலே போட்டு மூடிக்கொள்ளலாம், அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. தாலியைக் கழற்ற வேண்டுமா என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். வேண்டாம். சங்கிலியைப் பட்டைக்கு அடியில் சிக்காமல் தோள்பக்கம் ஒதுக்கி விட்டால் போதும். அதைக் கழற்றலாமா கூடாதா என்று பேசிக்கொண்டிருக்கும் அரை நிமிடம் யாருக்கும் நல்லதல்ல.

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னதும் மருந்து எண்ணெயைத் தேய்த்திருப்பார்கள். அது இருந்தால் துண்டால் துடைத்துவிடுங்கள், பட்டை வழுக்கும். வியர்வையும் அப்படித்தான். சந்தனமோ திருநீறோ பட்டை ஒட்டும் இடத்தில் இருந்தால் அதையும் துடையுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்குத் தோலுக்கடியில் சின்ன மேடு தெரியும். அதன் மேல் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி ஒட்டுங்கள். சிறு குழந்தைக்கு, குழந்தைப் பட்டை இல்லையென்றால் பெரியவர் பட்டையே போதும், ஒன்று நெஞ்சில், ஒன்று முதுகில்.

மெஷின் தாளத்தைப் பார்க்கும்போது யாரும் தொடக் கூடாது. ஷாக் கொடுத்த மறுகணமே மறுபடி அழுத்தத் தொடங்க வேண்டும். கண் திறக்கிறாரா, நாடி வந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முன்பெல்லாம் வரிசையாக மூன்று ஷாக் கொடுத்துவிட்டுத்தான் சிபிஆர். 2005-இல் வந்த வழிகாட்டுதல்கள் அதை மாற்றின: ஒரே ஷாக், உடனே இரண்டு நிமிடம் சிபிஆர், மறுபடி சோதனை. ஷாக் நடுக்கத்தை நிறுத்தினாலும் இதயம் ரத்தத்தை நன்றாகத் தள்ளத் தொடங்கச் சற்று நேரமெடுக்கும் என்பதே காரணம். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர். எவ்வளவு ஜூல் (ஷாக்கின் சக்தி அளவு) என்ற கவலை உங்களுக்கு வேண்டாம், ஏஇடி அதைத் தானே பார்த்துக்கொள்ளும். "ஷாக் தேவையில்லை" என்று மெஷின் சொன்னால் ஆள் பிழைத்துவிட்டார் என்றோ மெஷின் கெட்டுவிட்டது என்றோ பொருள் கொள்ளாதீர்கள். ஷாக்கால் பயன்பெறும் தாளம் இப்போது இல்லை, அவ்வளவுதான். எழுந்து அசையாதவரை அழுத்திக்கொண்டே இருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கனடா ஆய்வு. ஒன்டாரியோவில் ஆறு ஆம்புலன்ஸ் சேவைகள் சேர்ந்து செய்தன. முடிவு 2022 நவம்பரில் வெளியானது. மூன்று ஷாக்குக்குப் பிறகும் விஎஃப் விடாத 405 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். முதல் பிரிவுக்குப் பட்டை இருந்த இடத்திலேயே வழக்கமான ஷாக். இரண்டாவது பிரிவுக்குப் பட்டைகளின் இடத்தை மாற்றினார்கள்: ஒன்று நெஞ்சின் முன்பக்கம், மற்றது முதுகில். மூன்றாவது பிரிவுக்கு இரண்டு டிஃபிப்ரிலேட்டர். முதல் ஜோடிப் பட்டை பழைய இடத்திலேயே, இரண்டாவது ஜோடி முன்னும் பின்னும், ஒரே ஆள் இரண்டு பொத்தானையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டென்று அழுத்துவார். ஒரே சமயத்தில் அழுத்தினால் மெஷின்களே பழுதாகலாம் என்பதால்தான் அந்தச் சிறு இடைவெளி. உயிரோடு மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர்கள் வழக்கமான பிரிவில் 13.3 விழுக்காடு, இடம் மாற்றிய பிரிவில் 21.7, இரட்டை ஷாக் பிரிவில் 30.4. இந்தத் துறையில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். 2016-இல் வந்த பெரிய மருந்து ஆய்வில், ஷாக்குக்கு அடங்காத நோயாளிகளில் அமியோடரோன் என்ற மருந்து பெற்றவர்கள் 24.4 விழுக்காடு பிழைத்தார்கள், வெறும் உப்புநீர் பெற்றவர்கள் 21.0. அந்த வித்தியாசத்தைத் தற்செயல் இல்லை என்று சொல்லக்கூட முடியவில்லை.

இடம் மாற்றினால் ஏன் பலன்? மேலே சொன்ன இடது கீழறைதான் பதில். வழக்கமான இடத்தில் பட்டை இருக்கும்போது இதயத்தின் பின்பகுதிக்கு மின்சாரம் குறைவாகவே போகிறது. நடுக்கம் எல்லா இடத்திலும் அடங்கி, அந்த மூலையில் மட்டும் மிச்சமிருந்தால், சாம்பலுக்கடியில் கிடக்கும் ஒரு கங்கு போல அதிலிருந்தே மறுபடி முழு இதயமும் பற்றிக்கொள்ளும். முதுகில் ஒரு பட்டை வந்தால் அந்த மூலைக்கும் மின்சாரம் போகிறது. இரட்டை ஷாக்கில் திசையும் இரண்டு, மொத்தச் சக்தியும் அதிகம். முதல் ஷாக் தசையைத் தணித்து, இரண்டாவதன் வேலையை எளிதாக்குகிறது என்ற விளக்கமும் உண்டு. இது புதிய யோசனையும் அல்ல. 1994-இலேயே, மருத்துவமனையில் இதயத் தாளத்தைச் சோதிக்கும் கூடத்தில் விஎஃப் அடங்காத ஐந்து நோயாளிகளுக்கு டாக்டர்கள் இரண்டு மெஷின் வைத்து அடுத்தடுத்து ஷாக் கொடுத்து மீட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னர் கனடா ஆய்வின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. "அடங்காத" இதயங்களில் பெரும்பாலானவை உண்மையில் ஷாக்குக்கு அடங்கி, அடுத்த இரண்டு நிமிட சிபிஆரின்போது திரும்ப நடுங்கத் தொடங்கியவை. ஒருமுறைகூட அடங்காதவை சிறுபான்மைதான்.

இதில் என் கணிப்பு: சிங்கப்பூரில் நாளை எளிதாகச் செய்யக்கூடியது இடம் மாற்றுவதுதான், இரட்டை மெஷின் அல்ல. இன்னொரு ஜோடிப் பட்டை மட்டும் போதும். இரட்டை ஷாக்குக்கு இரண்டாவது மெஷின் குறித்த நேரத்தில் மேலே வந்து சேர வேண்டும். குடிமைத் தற்காப்புப் படை இதய நிறுத்த அழைப்புகளுக்கு ஆம்புலன்ஸோடு ஏஇடி வைத்திருக்கும் தீயணைப்பு வீரர்களையும் அனுப்புவதுண்டு, ஆகவே அது நடக்காத காரியமும் அல்ல. ஆனால் ஆய்வில் ஒரு பலவீனம் இருக்கிறது. 930 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, கொவிட் காலத்து நெருக்கடியால் 405-இல் நிறுத்தினார்கள். பாதியில் நின்ற ஆய்வுகள் பலனைப் பெரிதாக்கிக் காட்டுவது உண்டு. அதனால்தான் உலக மருத்துவ அமைப்புகளின் கூட்டுக் குழுவான இல்கோர் 2023-இல், மூன்று ஷாக்குக்குப் பின் இவ்விரண்டையும் "பரிசீலிக்கலாம்" என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அது சரியான நிதானம் என்றே நினைக்கிறேன்.

நாமே இரண்டு ஏஇடியை ஒட்டிப் பார்க்கலாமா? கூடாது. ஏஇடி என்பது தானே தாளத்தைப் படித்துத் தானே முடிவெடுக்கும் மெஷின். ஒன்று சார்ஜ் ஆகும்போது மற்றது என்ன படிக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டும் ஒரே நேரத்தில் தயாராகவும் ஆகாது. அதற்காக அழுத்துவதை நிறுத்தி நிறுத்தித் தொடங்குவீர்கள். கனடாவில் பயன்படுத்தியது கையால் இயக்கும் மெஷின்கள், பயிற்சி பெற்ற ஊழியர்கள் கையில். அதுபோல, வகுப்புக்குப் போனவர் நடுவில் பட்டையைப் பிய்த்து முதுகில் ஒட்டுவதும் வேண்டாம். முதலிலேயே சரியாக ஒட்டினால் போதும்.

வீட்டுக்கு ஒரு ஏஇடி வாங்கி வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2008-இல் வந்த ஆய்வில், மாரடைப்பு வந்து மீண்ட 7,001 பேரில் ஒரு பாதிக்கு வீட்டில் ஏஇடி கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ சமம். பார்க்க ஆள் இல்லாதபோது விழுந்தால் அலமாரியில் இருக்கும் மெஷின் என்ன செய்யும்?

திரட்டும் பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டால், தமிழில் வகுப்பு நடத்துங்கள். காலை வேளையில், வெற்றுத்தளத்திலேயே, வீட்டில் பகல் முழுதும் இருக்கும் அம்மாக்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் பணிப்பெண்களுக்கும். விழுபவரின் பக்கத்தில் இருக்கப் போவது அவர்கள்தான், வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் அல்ல. பயிற்சிப் பொம்மைக்கு ஒரு பழைய ரவிக்கையும் ஒரு சங்கிலியும் போட்டு, வெட்டிப் பழகச் சொல்லுங்கள். பயிற்சிப் பட்டையைப் பக்கவாட்டில் ஒட்டும்வரை விடாதீர்கள். ஒவ்வொரு மாடியிலும் அழைத்தால் ஓடக்கூடிய இரண்டு பேரின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், மைரெஸ்பாண்டரை அங்கேயே போனில் இறக்கிக் கொடுங்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாரையும் ஏஇடி பெட்டி வரை நடத்திக்கொண்டு போங்கள். பட்டைகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. மெஷினில் தயார் நிலையைக் காட்டும் விளக்கோ அடையாளமோ இருக்கும், அதை மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். அடையாளம் தவறாக இருந்தால் அன்றைக்கே நகர மன்றத்துக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள்.